படிமானம்

‘படிதல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை வேலை! தூசு படிகிறது. எண்ணெய் தடவிய தலைமுடி படிகிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்துப் பேசிய பேரம் படிகிறது. புதுக்கதவை நிலையில் நிறுத்திப் பார்த்த தச்சர், “இன்னும் படியலை” என்று சொல்லி மறுபடியும் இழைப்புளியைக் கையில் எடுக்கிறார். வலிந்து திணிக்காமலும் ஆட்டம் காணாமலும் ஒன்று இன்னொன்றில் அமைந்துவிடும் நிலையைத்தான் இவை யாவும் சுட்டுகின்றன. துப்பாக்கிக்கும் அப்படியொரு படிமானம் உண்டு என்பதும், ஓர் ஆயுதத்தின் நேர்மை அதன் இரும்பில் மட்டும் இல்லை என்பதும் எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரியவந்தன. வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் வெடித்த கட்டையை நீக்கிப் புதுக்கட்டையைப் படியவைத்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறோம்.

வல்லக்கோட்டைக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். அருணகிரிநாதர் பாடிய தலம், ஏழடி உயர முருகன், கிருத்திகைக் கூட்டம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இவ்வூரைத் தெரியும். உள்ளூரில் இருப்பவர்களுக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷிப்டு மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனிப் பேருந்துகள்தான் கடிகாரம். இந்தத் தொழிற்பேட்டைகளுள் ஒரகடத்தில் 2013இலும் வல்லம் வடகாலில் 2017இலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அந்த மோட்டார் சைக்கிளின் பழைய முத்திரையில் இருப்பது ஒரு பீரங்கி. அதன் பழைய விளம்பர வாசகம் ‘மேட் லைக் எ கன்’, அதாவது துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது. இது வெறும் வாய்ச்சவடால் அன்று. 1890களில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த சைக்கிள் நிறுவனம் ஒன்று, என்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான பாகங்களைச் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் பெற்றது. அந்தப் பெருமையில்தான் ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது. அதே ஊரின் பெயரைத் தாங்கிய இன்னொன்று 1895இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. 1955இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேர்விட்ட வண்டியும், வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை வழியாக இந்தியாவெங்கும் பரவிய துப்பாக்கியும் ஒருவகையில் பங்காளிகள்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பெரும்பாலோர் இந்த ஆலைகளிலோ அவற்றுக்குப் பாகங்கள் செய்துதரும் சிறு பட்டறைகளிலோ வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் புத்தகம் பேசுவோம். அவர்களுள் ஒரு தோழி, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர், ஒருநாள் கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் பற்றிய பேச்சின் நடுவே, “எங்க அப்பாகிட்டயும் ரைபிள் இருந்துச்சு. இப்ப என்கிட்ட இருக்கு” என்றார். நாங்கள் திகைத்துப்போனோம். அவருடைய ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம். ஆண்டர்சன் தம்முடைய வின்செஸ்டர் துப்பாக்கியோடு திரிந்த ஜவளகிரிக் காடுகளுக்குத் தொலைவில் இல்லாத நிலம். காட்டோரம் ராகி விதைத்தவர் அவர் தந்தை. 1960களின் இறுதியில், ராகி கதிர்விடும் காலத்தில் பரண்மேல் காவலிருப்பதற்காக உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கி அது. இஷாப்பூரில் செய்யப்பட்ட .315 ரகம்.

அந்த .315க்குப் பின்னும் ஒரு வரலாறு இருக்கிறது. லீ-என்ஃபீல்டின் படைத்தோட்டா .303. அது பொதுமக்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்பது வெள்ளை அரசின் அச்சம். சுதந்திர இந்தியாவின் சட்டமும் படைத்துறை அளவுகளைத் தடைசெய்யப்பட்டவையாகவே வைத்துக்கொண்டது. ஆகவே அதே என்ஃபீல்டு பூட்டமைப்பில், ஆஸ்திரியாவின் பழைய மான்லிகர் தோட்டாவை ஏற்கும் குழலைப் பொருத்தி வேட்டைக்காரர்களுக்கும் உழவர்களுக்கும் விற்றார்கள். உடல் என்ஃபீல்டினுடையது, தோட்டா மட்டும் வேறு. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டையை அறவே ஒழித்தது. துப்பாக்கிகள் வீடுகளில் தங்கிவிட்டன, வேட்டை போய்விட்டது. தோழியின் தந்தை அதன்பின் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டார் என்கிறார். யானை இறங்கும் இரவுகளில் ஒரே ஒரு வெடி, அவ்வளவுதான்.

2022இல் தந்தை காலமானார். அண்ணன்மார் இருவரும் துப்பாக்கியை அரசிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், மற்றவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும், முடிந்ததும் மீட்கவேண்டும், புதுப்பிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லவேண்டும். ஆயினும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்க இடமளிக்கின்றன. தோழி விண்ணப்பித்தார். அண்ணன்மார் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டார்கள், மனமில்லாமல். விசாரணைகள் முடிந்து உரிமம் கைக்கு வந்தபோது ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தது. அதன்பிறகுதான் முன்கட்டையின் பின்முனையில் ஒரு வெடிப்பைப் பார்த்தார். பின்கட்டையின் கழுத்திலும் மயிரிழையாக ஒன்று ஓடியது.

“இப்பவாவது விட்டுடு” என்றார்களாம் வீட்டில். அதற்குத் தோழி சொன்ன பதில்தான் எங்களையும் இதில் இழுத்துவிட்டது. “விடறதா இருந்தா நான் முடிவு பண்ணி விடணும். உடைஞ்சுபோச்சுன்னு விட்டதா இருக்கக் கூடாது.”

ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமன்று, பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். ஆகவே சென்னையில் உரிமம் பெற்ற ஒரு பெரியவரின் பட்டறைக்குத் தோழி துப்பாக்கியைக் கொண்டுபோனார். வட்டத்தில் சிலர் துணைக்குப் போனோம். எங்களுள் ஒருவர் ஒரகடத்தில் டூல் ரூம் பிட்டர், அச்சுகளைப் பொருத்திச் சரிபார்ப்பதே அவர் தொழில். மற்றவர்களுக்கு அங்கே வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. நான்கு ஞாயிறுகள் போனோம் என்பதிலிருந்து அந்த வேடிக்கை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

*

ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் பரிசளிக்கப்பட்ட ரிக்பி துப்பாக்கி, மௌசர் பூட்டமைப்பு கொண்டது. அவ்வகையில் கட்டை ஒரே மரத்துண்டு. தோளில் பதியும் முனையிலிருந்து குழலைத் தாங்கும் முனைவரை ஒரே இழை ஓடும். என்ஃபீல்டு வகை அப்படியன்று. நடுவே இரும்பாலான பூட்டு, அதன் பின்னால் ஒரு கட்டை, முன்னால் ஒரு கட்டை. பின்கட்டையின் முனை ஓர் இரும்புக் குழியில் செருகப்பட்டு, கட்டையின் உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டால் இறுக்கப்படும். முன்கட்டை கீழிருந்து வந்து பூட்டையும் குழலையும் அணைத்துக்கொள்ளும். முன்புறத்தில் ஒரு பெரிய திருகு அதைப் பிடித்து நிறுத்தும்.

சுடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பெரியவர் இரு உள்ளங்கைகளை வைத்துக் காட்டினார். தோட்டா முன்னே போகிறது, இரும்பு பின்னே வருகிறது. பின்கட்டை அந்த உதைப்பை நேராகத் தோளுக்குக் கொண்டுபோய்விடும். முன்கட்டையோ தன் எடையோடு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதைத் தன்னோடு பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு இரும்பில் இரண்டு தோள்கள் உண்டு. மரத்தில் அவற்றுக்கு எதிரே இரண்டு சிறிய முகங்கள். ஒவ்வொன்றும் விரல்நுனி அகலம்கூட இராது. அந்த இரண்டு முகங்களும் ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில் இரும்பைத் தொட்டாகவேண்டும். ஒன்று தொட்டு மற்றது தொடாவிட்டால் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒருபக்கமாகத் திரும்பும். இரண்டுமே தொடாவிட்டால் இரும்பு அந்த மயிரிழை தூரத்தைக் கடந்துவந்து சுத்தியலாக மோதும். மரம் பின்முனையில் பிளக்கும். இந்த நோய் பழையது. பின்முனை பிளந்துவிடாமல் இருக்க முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகைச் செலுத்தும் வழக்கமும் உண்டு. உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்பூர் திருகு’ என்றே அழைக்கிறார்கள். ஒரு தொழிற்சாலையின் பெயர் ஒரு திருகில் நிலைத்திருப்பது சிறிய கௌரவம் இல்லை.

எங்கள் தோழியின் துப்பாக்கி ஏன் வெடித்தது? பெரியவர் வெடிப்பின்மேல் விரல்வைத்துப் பார்த்தார், பிறகு பின்கட்டையின் போல்ட்டைப் பார்த்தார். பழைய என்ஃபீல்டு மாதிரிகளில் அந்த போல்ட்டின் முன்நுனி சதுரமாக இருக்கும், முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுரமுனை ஆப்புப்போல மரத்தைப் பிளந்துவிடும். முன்கட்டை முதலில், போல்ட் பிறகு என்பது இத்துப்பாக்கியைக் கையாள்வோரின் பாலபாடம். “எப்பவோ பின்கட்டை ஆடியிருக்கு. யாரோ நீளத் திருப்புளி விட்டு முறுக்கியிருக்காங்க” என்றார். யார் என்று யாரும் கேட்கவில்லை. வெய்யிலில் உலர்ந்தும் மழையில் ஊறியும் சுருங்கிய மரம் தளர்வது இயல்பு. தளர்ந்ததை இறுக்க நினைத்ததும் அக்கறையால்தான். வழி தெரியாத அக்கறை அங்கே பிளவாகிவிட்டது.

*

புதுக்கட்டைக்கு என்ன மரம் என்ற பேச்சில் ஒரு ஞாயிறு முழுதும் போயிற்று. வால்நட், நம் நாட்டு வழக்கில் அக்ரூட், துப்பாக்கிக் கட்டைக்கு உலகம் ஒப்புக்கொண்ட மரம். பலத்துக்கு ஏற்ற எடை, அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை, நுண்ணிய விளிம்பைக்கூட உதிராமல் காக்கும் இழை. காஷ்மீரிலிருந்து வருவது. போர்க்காலத்தில் அது கிடைக்காமல் போனபோது பிரிட்டிஷார் பீச், பிர்ச் மரங்களுக்கும், ஆஸ்திரேலியர் தம் நாட்டு மேப்பிளுக்கும் கோச்வுட்டுக்கும் போனார்கள். அந்தத் துப்பாக்கிகளும் சுடத்தான் செய்தன.

எங்களுக்கு உள்ளூர் மரங்கள்மீது ஆசை. தேக்கு ஏன் கூடாது என்று கேட்டோம். தேக்கு அசையாத மரம்தான், கதவுக்கும் கப்பலுக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் உடலில் உள்ள மணற்சத்து உளியின் முனையைத் தின்றுவிடும், எண்ணெய்ப்பசை ஒட்டுப்பசையை ஏற்காது, இழை வழியே பிளக்கும் சுபாவமும் உண்டு. ஈட்டியோ அழகானது, ஆனால் கனம். அதோடு தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களுக்கென்றே 1994இல் தனிச்சட்டம் வந்தது, அனுமதியின்றி வெட்டுவதை அது தடைசெய்திருந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பேர்போன கருவேலத்தை ஒருவர் சொன்னார். பெரியவர் சிரித்தார். “அது உதை வாங்கும். ஆனா நான் கேக்கற இடத்துல அறுபடாது.” கடைசியில் பல ஆண்டுகள் உலர்ந்த அக்ரூட் பலகை ஒன்றையே எடுத்தார். இழை எப்படி ஓடுகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். கையால் பற்றும் கழுத்துப் பகுதி மெலிந்தது. அங்கே இழை நீளவாட்டில் ஓடவேண்டும், குறுக்காக வெளியேறினால் அடுத்த வெடிப்பு அங்கேதான். மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை, ஈரத்துக்கு அகலத்தில்தான் ஊதும், சுருங்கும். கடலோரக் காற்று வீசும் சென்னையில் இதை மறந்து கட்டை செய்ய இயலாது.

பிறகு அளவு. அப்பாவின் கட்டை எவ்வளவு நீளமோ அதே நீளம் போதும் என்றார் தோழி. அவர் தந்தை நெட்டையானவர். தோழி அவர் தோளுக்கும் எட்டாதவர். பெரியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “பிடிக்கப் போறது யாரும்மா?” என்று கேட்டார். தோழி, சுடப்போவதே இல்லை, வைத்திருக்கத்தான் போகிறேன் என்றார். “யார் தோளுக்குன்னு தெரியாம கட்டை வெட்ட முடியாது. சுடறதும் சுடாததும் உங்க இஷ்டம். அளவு ஒருத்தருக்குத்தான்.”

பிரிட்டிஷ் படையே இதை உணர்ந்திருந்தது. லீ-என்ஃபீல்டின் பின்கட்டை சாதாரண அளவிலும், அதைவிட அரை அங்குலம் நீளமாகவும், அரை அங்குலம் குட்டையாகவும், மிகக் குள்ளமானவர்களுக்கு ஓர் அங்குலம் குட்டையாகவும் செய்யப்பட்டது. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்தெடுத்த ஆயுதத்திலும் தோளுக்குத் தக்கபடி மாறவேண்டிய ஓரிடம் இருந்தது. அன்று தோழி சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வலக்கையை மடித்து நீட்டினார். முழங்கை மடிப்பிலிருந்து ஆட்காட்டி விரலின் முதற்கணுவரை பெரியவர் நாடாவைப் பிடித்தார். தந்தையின் கட்டையைவிட ஓர் அங்குலத்துக்குமேல் குறைந்தது. நாங்கள் வெளியே தேநீர் குடிக்கப் போய்விட்டோம்.

*

படியவைக்கும் வேலையில் அறிவுக்கு இடம் குறைவு, பொறுமைக்கு அதிகம். பெரியவர் சிறிய சிம்னி விளக்கொன்றைக் கண்ணாடியின்றி ஏற்றி, எழும் புகையில் பூட்டின் அடிப்பாகத்தைக் காட்டினார். இரும்பின்மேல் கருமை மெல்லிய பட்டாகப் படிந்தது. அதை மரக்குழியில் நேராக இறக்கி, ரப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டு. மீண்டும் நேராகத் தூக்கினால் மரத்தில் எங்கெங்கே இரும்பு பட்டதோ அங்கெல்லாம் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளை மட்டும் உளியால் சுரண்டினார். காகிதத்தைவிட மெலிந்த சீவல். மறுபடி புகை, இறக்கம், தட்டு, தூக்கல், சுரண்டல். முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தாம். போகப்போகப் புள்ளிகள் பெருகின. ஒரு நாளில் அறுபது எழுபது முறையாவது அப்படிச் செய்திருப்பார். அவசரப்பட்டு ஒரு சீவல் கூடிவிட்டால் அந்த மரம் திரும்பி வராது.

எங்கள் பிட்டர் நண்பருக்கு நிலைகொள்ளவில்லை. “இது நம்ம புளூ மேட்சிங்தானே!” என்று கூவினார். டூல் ரூமில் பிரஷ்யன் புளூ என்னும் நீல மசியை ஒரு பாகத்தில் தடவி, இணைப்பாகத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். நீலம் ஏறிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டுவார்கள். பலகோடி ரூபாய் அச்சுகளும் எந்திரத் தளங்களும் கடைசியில் இந்தக் கைவேலையால்தான் நிறைவு பெறுகின்றன. அடுத்த ஞாயிறு அவர் தம்முடைய நீலக்குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் தயக்கத்தோடு ஒருமுறை போட்டுப் பார்த்தார், நீலம் மரத்துக்குள் ஊறுகிறது என்று சொல்லி விளக்குக்கே திரும்பினார். ஆனால் அன்றிலிருந்து இருவரும் ஒரே சாதிக்காரர்களைப்போலப் பேசிக்கொண்டார்கள்.

இந்த உறவுக்கு ஒரு முன்னோர் இருக்கிறார். 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிவியல் மாநாடு ஒன்றில் ஜோசப் விட்வொர்த் என்ற எந்திரவியலாளர் ஒரு கட்டுரை படித்தார். இரண்டு இரும்புத் தளங்களை ஒன்றோடொன்று தேய்த்துச் சமன்செய்வது தவறு. வண்ணமிட்டுப் பார்த்து, மேடுகளைச் சுரண்டித்தான் உண்மையான தளத்தை அடையமுடியும் என்று வாதிட்டார். இரண்டு தளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் மட்டும் அவை சமம் என்று ஆகிவிடாது, ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருக்கலாம். ஆகவே மூன்று தளங்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கவேண்டும். திருகுமரைகளுக்கு ஒரே அளவு வகுத்தவரும் அவரே. பழைய புல்லட் வண்டிகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விட்வொர்த் என்ற பெயர் ஸ்பானர் வழியாக அறிமுகமாகியிருக்கும். அவரிடம் 1850களில் பிரிட்டிஷ் அரசு துப்பாக்கியைச் செம்மைப்படுத்தக் கேட்டது. அறுகோணத் துளை கொண்ட குழலொன்றை அவர் செய்தார். 1857இல் நடந்த சோதனைகளில் அது அன்றைய என்ஃபீல்டைத் துல்லியத்தில் வென்றது. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் கயிற்றை இழுத்து 400 கஜத் தொலைவில் இலக்கின் நடுவட்டத்தில் சுட்டதும் அந்தத் துப்பாக்கியால்தான், எந்திரத் தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்ட நிலையில். தளத்தைச் சுரண்டிய கையும் துப்பாக்கி செய்த கையும் ஒன்றே. சென்னைப் பட்டறையில் விளக்குப் புகையும் ஒரகடத்து நீல மசியும் ஒரே மேசையில் இருந்தது அவ்வளவு தற்செயல் இல்லை.

*

நாங்கள் அதுவரை நினைத்திருந்தது, மரமும் இரும்பும் எங்கெங்கும் ஒட்டி உறவாடுவதே நல்ல படிமானம் என்று. அது பாதிதான் உண்மை. இரண்டு தாங்கு முகங்கள் இறுகத் தொடவேண்டும். முன்திருகைச் சுற்றியுள்ள அடிப்பரப்பு சமமாக உட்காரவேண்டும். ஆனால் முன்கட்டையின் கடைசி முனைக்கும் பின்கட்டையைத் தாங்கும் இரும்புக் குழிக்கும் நடுவே நூலளவு இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் தாங்கு முகங்கள் ஏற்கவேண்டிய உதையை அந்த முனை ஏற்று மறுபடி பிளக்கும். குழலின் இருபுறமும் மரம் விலகி நிற்கவேண்டும். சுட்டதும் குழல் கம்பியைப்போல அதிர்கிறது, சூடேறி நீள்கிறது. ஒருபக்கம் மட்டும் மரம் உரசினால், மழைக்காலத்தில் ஒரு குறி, கோடையில் வேறு குறி. படைத்துறை என்ஃபீல்டுகளில் முன்கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையில் மேல்நோக்கித் தாங்கும்படி அமைப்பார்கள். முன்கட்டை குட்டையான இந்த வேட்டை மாதிரிக்குப் பெரியவர் குழலைத் தனித்தே விட்டார். ஒரு தபால் அட்டையைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையே செருகி, தடையின்றி ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். தொடவேண்டிய இடத்தில் அவர் எவ்வளவு பாடுபட்டாரோ, தொடக்கூடாத இடத்திலும் அவ்வளவு பாடுபட்டார்.

தாங்கு முகங்களில் இன்னொரு சிக்கல். புதுமரம் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் சில ஆண்டுகளில் இன்னும் சற்றுச் சுருங்கும், நசுங்கும். இதற்கு இப்போது பலரும் எப்பாக்சிப் பிசினை ஊற்றி இரும்பின் வடிவத்தையே அச்செடுத்துவிடுகிறார்கள். எந்திரங்களை அடித்தளத்தில் நிறுத்தும்போது எங்கள் ஆலைகளில் செய்வதும் இதுவே. இன்னொரு பழைய வழி, அந்த இரண்டிடத்திலும் வலிய மரத்துண்டுகளைப் பதிப்பது. இழையின் முனை இரும்பை நோக்கி இருக்கும்படி பதித்தால், மரம் தன் முழு வலிமையோடு எதிர்த்து நிற்கும். குறுக்கிழை நசுங்கும் இடத்தில் முனையிழை நசுங்காது.

அப்போதுதான் தோழி, அந்தத் துண்டுகளைப் பழைய கட்டையிலிருந்து எடுக்கமுடியுமா என்று கேட்டார். உணர்ச்சிக்கு இடங்கொடுக்கும் மனிதராகப் பெரியவர் எங்களுக்குத் தோன்றியதில்லை. அவர் பழைய பின்கட்டையை வெளிச்சத்தில் திருப்பினார். ஐம்பது ஆண்டுகளாகக் குழல் மேல்நோக்கிச் சுவரில் சாய்ந்து நின்ற துப்பாக்கி. பூட்டுக்கு விட்ட எண்ணெய் எல்லாம் கீழிறங்கிக் கழுத்துப் பகுதியில் கருத்து ஊறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது. “இங்க வேணாம், செத்த மரம்.” பின்பு தோளில் பதியும் கோடிக்கு வந்தார். அங்கே எண்ணெய் எட்டவில்லை. கத்தியால் கீறிப் பார்த்தார். “இது நல்லா இருக்கு. சுருங்கவேண்டியது எல்லாம் சுருங்கி முடிஞ்ச மரம். புதுசைவிட இதுதான் சரி.” தந்தையின் தோளில் அழுந்தியிருந்த அந்தக் கோடியிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை அறுத்தெடுத்தார், இழை பார்த்துத் திருப்பிப் பதித்தார், ஒட்டினார். மறுவாரம் அவற்றின் முகங்களை விளக்குப் புகைக்குக் காட்டிப் படியவைத்தார். முழுதும் பூட்டியபின் அவை வெளியே தெரியாது.

சுட்டுப் பார்க்காமல் படிமானத்தைச் சோதிக்க முடியுமா என்பது எங்கள் கடைசி ஐயம். பிட்டர் நண்பர் காந்த அடியுடைய டயல் கேஜ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைக் குழலில் நிறுத்தி முள்ளை முன்கட்டையின் நுனியில் ஊன்றினார். பெரியவர் முன்திருகைத் தளர்த்தினார். முள் எட்டுப் பிரிவுகள் நகர்ந்தது. ஒரு பிரிவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. திருகு இறுகியிருக்கும்போது மரமும் இரும்பும் ஒன்றையொன்று வளைத்துக்கொண்டிருக்கின்றன என்று அதற்குப் பொருள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கழற்றினார், விளக்கை ஏற்றினார். அன்று மாலை மூன்றாவது முறை சோதித்தபோது இரண்டு பிரிவுகள்தாம். தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் தோழி தம் பழக்கத்தில் அந்த எண்ணைக் கைப்பையிலிருந்த சிறு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டார்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து ஊறவிட்டு, துடைத்து, மறுநாள் மீண்டும். மரத்தின் வெட்டுமுனைகளில்தான் ஈரம் அதிகம் ஏறும் என்பதால் அங்கே கூடுதலாக. எண்ணெய் ஏற ஏற அக்ரூட்டின் சாம்பல் நிறம் மறைந்து தேன்நிறம் வந்தது. வேலை முடிந்து ஒப்படைக்கும்போது, சுடாமலே வைத்திருந்தால் படிமானம் கெடுமா என்று கேட்டார் தோழி. “மரம் சும்மா இருக்காதும்மா. ஆடியில ஒருதடவை, தையில ஒருதடவை முன்திருகு தளர்ந்திருக்கான்னு பாருங்க. பின்போல்ட்டை மட்டும் தொடாதீங்க” என்றார் பெரியவர்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள். புதுப்பிக்கும் காலம் வரும்போது வைத்திருப்பதா ஒப்படைப்பதா என்று தீர்மானிக்கப்போவதாகத் தோழி சொல்கிறார். அண்ணன்மார் இன்னும் ஒப்படைக்கத்தான் சொல்கிறார்கள். அதுவரை அந்தத் துப்பாக்கி வல்லக்கோட்டை வீட்டில், தோட்டா இன்றி, பூட்டிய இரும்பு அலமாரியில், இம்முறை குழல் கீழ்நோக்கி நிற்கிறது. சென்ற ஆடியில் திருகு கால் சுற்று தளர்ந்திருந்ததாம்.